ஒப்பீட்டுக் கை

உறையைக் கிழித்தேன்.
உள்ளே ஒரே சொல்: வலது.
அப்படியானால் உறைந்த கையுறை வலக்கைக்கு.
இடக்கை சும்மா இருக்கும்,
போர்வைமேல், திறந்தபடி,
எங்களுக்காக.

தூர்டிஸ் சிரித்துவிட்டாள்.
"நான் இடக்கைக்காரி, ஐவோர்.
போட்ஸ்ஃபியோர்ட் ஆலையில் இருபத்தெட்டு வருஷம்
காட் மீனின் முள்ளை உருவியது இந்தக் கைதான்.
ஐஸோடு இது பட்டது போதும்.
இனி வலது படட்டும்."

எப்போது வேண்டுமானாலும் விலகலாம்,
காரணம் சொல்ல வேண்டியதில்லை
என்று வாசித்துக் காட்டினேன்.
இடக்கையால் கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாவது வாரம் ட்ரோம்சோவை விட்டுச்
சூரியன் போய்விட்டது.
வியாழன்தோறும் வந்தாள்.
யூ மரப்பட்டையில் முதலில் கண்டெடுத்த மருந்து
சொட்டுச் சொட்டாக அவளுக்குள் இறங்கும்.
கட்டியைத் தேடிப் போகிற அது
போகிற வழியில்
விரல்நுனி நரம்பையும் விட்டுவைப்பதில்லை.
குளிர்ந்தால் ரத்தக்குழாய் சுருங்கும்,
சுருங்கினால் நஞ்சு அங்கே கொஞ்சமாய்ப் போகும்.
இவ்வளவுதான் எங்கள் கருதுகோள்.
வேண்டாத விருந்தாளி தெருமுனையில் தெரிந்ததும்
விளக்கை அணைத்து, மூச்சுக் காட்டாமல்
உட்கார்ந்திருப்பதைப் போல.

தொண்ணூறு நிமிடம்.
நாற்பத்தைந்தில் கையுறை மாற்றுவோம்.
முதல் பத்து நிமிடம் பல்லைக் கடிப்பாள்.
பிறகு மீன் ஆலை மேலாளரைத் திட்டுவாள்,
வாரம் ஒரு புதுக் காரணம்.

மருந்துக்கு முன்னால் சோதனை.
கண்ணைக் கட்டி
நைலான் இழையால் விரலைத் தொடுவேன்.
அப்புறம் நாணயம்.
நடுவில் ஓட்டை இருந்தால் ஐந்து குரோனர்,
இல்லாவிட்டால் பத்து.
மூன்றாம் வாரம் இரு கையும் சரியாகச் சொன்னது.
ஆறாம் வாரம் இடக்கை யோசித்தது.
ஒன்பதில்
வலது தொட்டதும் "ஐந்து" என்றது.
இடது புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது,
"ஓட்டையை அடைத்துவிட்டீர்களா?"

எழுதிக்கொண்டேன்.
நல்ல முடிவு என்று நினைத்தேன்.
ஆமாம், அந்தச் சொல்லைத்தான் நினைத்தேன், நல்ல முடிவு.
இடக்கை இழக்க இழக்க
வரைபடத்தில் இரண்டு கோடும்
அழகாக விலகிப் போயின.
கைவிடுதல் என்ற சொல்லுக்குள்
ஒரு கை இருப்பதை
அன்றுதான் பார்த்தேன்.

டாக்டர் ஹெஸ்த்னெஸ் அளவைக் குறைக்கலாமா என்றார்.
"கட்டி சுருங்குகிறதா?"
"சுருங்குகிறது."
"அப்புறம் என்ன, ஊற்றுங்கள்."
அவர் போனபின் நான் தாழ்ந்த குரலில் சொன்னேன்,
ஆய்விலிருந்து விலகிக்கொள், தூர்டிஸ்,
இடக்கைக்கும் ஒரு கையுறை தருகிறேன்.
அவள் அந்தக் கையை
யாருடையதோ போலத் திருப்பிப் பார்த்தாள்.
"இதுவரை போனது?
அதை யார் கணக்கில் எழுதுவாய்?"

பன்னிரண்டாம் வியாழன்.
மலைமேல் நான்கு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுச்
சூரியன் உள்ளே போனது.
வார்டில் எல்லாருக்கும் வழக்கம்போல
ஜாம் வைத்த, எண்ணெயில் பொரித்த பன்.
பழக்கதோஷம், இடக்கையால் எடுத்தாள்.
ஜன்னலைப் பார்த்தபடியே கடித்தாள்.
சிவப்பு ஜாம் விரலிடுக்கில் இறங்கி
மணிக்கட்டைத் தாண்டிச் சட்டைக்குள் போகும்வரை
அவளுக்குத் தெரியவில்லை.
நானும் சொல்லவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கடைசிக் கையெழுத்தை வலது போட்டது.
சரிந்து, கோட்டை விட்டு வெளியேறி,
தாளின் மறுபக்கம் தெரியும் அளவுக்கு அழுத்தி.

அடுத்த கட்ட ஆய்வு இது.
வருகிறவர்கள் உறையைப் பிரிப்பதில்லை.
எல்லாருக்கும் இரண்டு கையுறை.
"இரண்டுக்குமா?" என்று
நேற்று ஒருத்தி சலித்துக்கொண்டாள்.
குளிர்கிறதாம்.
அவளது இடது மணிக்கட்டுப் பட்டையை
இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன்.
குளிரட்டும்.